உலையும் மண்ணும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் கொல்லுலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரண்டு ஆதாரங்களையே முதன்மையாகக் கொண்டனர். ஒன்று கல், மற்றொன்று கடல். கோணேசர் ஆலயம், கல்வெட்டுகள், 1620களில் அவ்வாலயத்தை இடித்து அதன் கற்களைக்கொண்டு போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை என்பன முதல் வகையின. 1639இல் ஒல்லாந்தரும், 1672இல் பிரான்சியரும், 1782இல் ஆங்கிலேயரும் மீண்டும் பிரான்சியரும், 1795இல் இறுதியாக ஆங்கிலேயரும் இத்துறைமுகத்தை நாடி வந்த செய்திகள் இரண்டாம் வகையின. அரசர், தளபதி, கப்பல் என்னும் இம்மூன்றையும் சுற்றியே நமது துறைமுகத்தின் கதை சொல்லப்பட்டு வந்துள்ளது.

ஆனால் கல்லைப் பிளந்த உளி எங்கே வடிக்கப்பட்டது? தம்பலகாமத்து வயலை உழுத கொழு எவ்வுலையிற் காய்ச்சப்பட்டது? கொட்டியாரக் குடாவில் நின்ற தோணியின் நங்கூரத்தை அடித்தவன் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் கொல்லனின் கம்மாலைக்குட் புகவேண்டும். அங்கே அவர்கள் முதலிற் காண்பது இரும்பன்று, மண். இரும்பை இளக்கும் நெருப்பைத் தாங்கி நிற்பது களிமண்ணாற் பூசப்பட்ட உலையே. இரும்பின் வரலாறு எழுதப்பட்ட அளவிற்கு அதனைத் தாங்கிய மண்ணின் வரலாறு எழுதப்படவில்லை. அம்மண்ணை ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலும் என்பதையும், கொள்ளவேண்டிய தேவை இன்று உண்டு என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலை வகைகள்

உலை என்னும் ஒரே சொல் தமிழில் மூன்று வேறு அமைப்புகளைக் குறிக்கும். முதலாவது, இரும்புக்கல்லைக் கரியோடு சேர்த்து எரித்து இரும்பைப் பிரித்தெடுக்கும் உருக்குலை. இரண்டாவது, இரும்பை மூசையில் இட்டு அடைத்துக் காய்ச்சி எஃகாக்கும் மூசையுலை. மூன்றாவது, ஆக்கப்பட்ட இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் கொல்லுலை. முதலிரண்டும் ஈழத்திலும் தமிழகத்திலும் 19ஆம் நூற்றாண்டின் பின் படிப்படியாக மறைந்தன. மூன்றாவது மட்டுமே ஊர்தோறும் எஞ்சி நின்றது.

இம்மூன்றிற்கும் பொதுவானது மண்ணே. உருக்குலையின் சுவர் மண், மூசை மண், துருத்தியின் காற்றை நெருப்பிற்குட் செலுத்தும் குழலின் மூக்கு மண், கொல்லுலையின் குழியும் பின்சுவரும் மண். எனவே ஓர் ஊரின் கொல்லர் எம்மண்ணைத் தேர்ந்தனர், அதனோடு எதனைக் கலந்தனர் என்பதை அறிவது, அவர்கள் எவ்வளவு வெப்பத்தை ஆண்டனர், எத்தகைய வேலையைச் செய்தனர் என்பதை அறிவதற்கு ஒப்பாகும்.

மண்ணின் இயல்பு

கருங்கற் பாறைகளிலுள்ள பெல்சுபார் என்னும் கனிமம் நெடுங்காலம் நீராலும் வெயிலாலும் சிதைந்து களியாகின்றது. அவ்வாறு உண்டாகும் களிகளுள் மிகத் தூயது வெண்களியாகிய கயோலின். அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த இது ஏறத்தாழ 1,770 பாகை செல்சியசு வரையும் உருகாது நிற்கும். இரும்பின் உருகுநிலையோ 1,538 பாகை. ஆகவே வெண்களி இரும்பையும் விஞ்சி நிற்கும் மண்ணாகும். சாதாரணச் செங்களியில் இரும்பு ஒட்சைட்டும் சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றின் சேர்வைகளும் கலந்திருப்பதால், அது 1,100 பாகையை அண்டியே இளகத் தொடங்குகின்றது. கொல்லன் இரும்பை வளைக்கவும் நீட்டவும் வேண்டும் வெப்பம் ஏறக்குறைய 1,100 முதல் 1,250 பாகை. இரு துண்டுகளை ஒட்டவைக்கும் வெப்பம் அதனினும் மிக்கது. செங்களி மட்டும் பூசிய உலை தன் எல்லையில் நின்றே தொழிற்படுகின்றது என்பது இதனாற் புலப்படும்.

வெப்பத்தைத் தாங்குவது மட்டும் போதாது. ஈரக்களி உலரும்போது சுருங்கிப் பிளக்கும். அதனைத் தடுக்கவே மணலும், நொறுக்கிய பழைய ஓடும், உமியும், வைக்கோலும் கலக்கப்பட்டன. களியின் தன்மைக்கேற்ப ஒரு பங்கிற்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை மணல் சேர்ப்பதுண்டு. மணல் சுருக்கத்தைக் குறைக்கும்; ஆயினும் 573 பாகையில் மணற்குருணை திடீரென விரியும் இயல்புடையது. முன்பே ஒருமுறை நெருப்புக் கண்ட ஓட்டுத்தூளில் இக்குறை மிகக் குறைவு. உமியும் வைக்கோலும் எரிந்து நுண்துளைகளை விட்டுச் செல்லும். அத்துளைகள் நீராவி வெளியேற வழியாகி, வெப்பம் வெளியே கடவாமற் காக்கும் தடையுமாகின்றன. தென்னிந்திய எஃகு மூசைகளின் கரிய உட்பகுதியில் உமியின் அடையாளங்கள் இன்றும் காணப்படுவது இதற்குச் சான்று. இடைக்கால இரசவாத நூலாகிய இரசரத்தின சமுச்சயமும் மூசைக்குரிய கலவையாகப் புற்றுமண், உமிக்கரி, நார், சாணம் முதலியவற்றைக் கூறுகின்றது. கறையான் நிலத்தின் ஆழத்திலிருந்து நுண்களியைத் தேர்ந்து மேலே கொணர்ந்து பசையிட்டுக் கட்டுகின்றது. கொல்லன் செய்யவேண்டிய பாதி வேலையைக் கறையான் முன்னரே செய்து வைத்திருக்கின்றது எனலாம்.

உலையை அழிப்பது வெறும் வெப்பமன்று. காய்ந்த இரும்பின் மேலுண்டாகும் செதில் உலைக்குழியில் விழுந்து மண்ணிலுள்ள சிலிக்காவோடு கூடும்போது 1,205 பாகை அளவிலேயே உருகும் ஒரு புதிய சேர்வை பிறக்கின்றது. கரியின் சாம்பலும் அவ்வாறே மண்ணைக் கரைக்கின்றது. இவ்வாறு இரும்பும் சாம்பலும் மண்ணும் கலந்து உருகி இறுகியதே கிட்டம். எனவே உலைமண் என்பது ஒருமுறை பூசி மறக்கும் சுவரன்று; நாடோறும் உண்ணப்பட்டு நாடோறும் புதுக்கப்படுவது. கொல்லன் காலையில் உலையின் வாயைத் தடவிப் பார்த்துப் புதுமண் அப்புவது அவனது தொழிலின் ஓர் அங்கமாயிற்று.

திருகோணமலையின் மண்

இப்பொது விதிகளைத் திருகோணமலைக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். இப்பகுதியின் நிலம் பலவகைப்பட்டது. கரையோரம் மணற்பாங்கு, அதனையடுத்துக் களப்புகளின் உவர்ச்சேறு, உள்நாட்டில் வரண்ட வலயத்திற்குரிய செங்கபில மண், கொட்டியாரக் குடாவிற் கலக்கும் மகாவலி கங்கையின் வண்டல், கந்தளாய், தம்பலகாமம் ஆகிய இடங்களின் வயற்களி.

இவற்றுட் கடலுக்கு மிக அண்மையிற் கிடைக்கும் சேறே உலைக்கு மிகத் தீயது. அதிலுள்ள உப்பு களியை விரைவில் இளகச் செய்யும். அதிற் கலந்த சிப்பித்துண்டுகள் 800, 900 பாகையளவில் சுண்ணாம்பாக மாறி, உலை ஆறியபின் காற்றின் ஈரத்தை உண்டு வீங்கிப் பூச்சை உடைக்கும். துறைமுகத்தருகே வாழ்ந்த கொல்லன் தன் காலடியிற் கிடந்த சேற்றை விடுத்து, உள்நாட்டுக் களியையோ புற்றுமண்ணையோ நாடவேண்டிய காரணம் இதுவே. கடற்கரையின் கம்மாலை உள்நாட்டின் மண்ணில் தங்கியிருந்தது. கடற்றுறையும் வயற்புறமும் தனித்தனி உலகங்கள் என எழுதப்படும் வரலாற்றிற்கு இச்சிறு உண்மை ஒரு திருத்தமாகும்.

காலமும் கருதற்பாலது. ஈரம் முற்றும் நீங்காத பூச்சில் நெருப்பு மூட்டினால், உள்ளிருக்கும் நீர் ஆயிரத்தறுநூறு மடங்கிற்கு மேல் விரிந்து ஆவியாகிப் பூச்சைத் தெறிக்கச் செய்யும். வாடைக்காற்று மழை கொணரும் ஐப்பசி முதல் தை வரையுள்ள காலம் புதுவுலை கட்டுதற்கு ஏற்றதன்று. கிழக்குக் கரையில் வைகாசி முதல் வீசும் வெப்பமான கச்சான் காற்றே மண்ணைச் சீராக உலர்த்த வல்லது. மழைக்கு முன் கொழுவும் மண்வெட்டியும் கேட்டு உழவர் வரும் வேளைக்கு உலை அணியமாயிருக்க இக்காலக்கணக்குப் பொருந்தி வருதல் காண்க.

கொட்டியாரத்திற் சிறைப்பட்டவன் கண்ட உலை

இத்தீவின் இரும்புத் தொழிலை நேரிற் கண்டு எழுதிய பழைய ஐரோப்பியருள் முதன்மையானவன் றொபேட் நொக்ஸ். அவன் கதை திருகோணமலைத் துறைமுகத்திலேயே தொடங்குகின்றது என்பது நமக்குச் சிறப்பாக நினைக்கத்தக்கது. 1659இல் சோழமண்டலக் கரையோரப் புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் கப்பல், புதுமரம் நாட்டுதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660இல் அதன் தலைவனும், அவன் மகனாகிய நொக்ஸும், மாலுமிகள் சிலரும் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்ற நொக்ஸ் 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டான்.

கண்டி நாட்டு உருக்குலையை அவன் கூறும் முறை நுட்பமானது. உலை ஒருவகை வெண்ணிறக் களியினாற் கட்டப்பட்டது என்கின்றான். பின்புறத்தே ஒரு தடுப்புச் சுவர் உண்டு. ஊதுவோனை வெப்பம் தாக்காமற் காப்பது அதன் பயன். அதற்குப் பின்னே உட்குடைந்த இரு மரக்குற்றிகள் நடப்பட்டு, அவற்றின் வாயில் மான்தோல் கட்டப்பட்டிருக்கும். ஒருவன் அவற்றின்மேல் நின்று கால்மாற்றி மிதிக்க, காற்று குழல் வழியே உலையுட் பாயும்.

வெண்களி என்னும் அச்சொல்லை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் கடந்து சென்றுவிட்டனர். மேலே கூறிய மண்ணியல்போடு பொருத்தி நோக்குமிடத்து, அது தற்செயலான நிறக்குறிப்பன்று என்பது விளங்கும். இரும்பு குறைந்த களியே வெண்மையாக இருக்கும். இரும்பு குறைந்த களியே உயர்வெப்பத்தைத் தாங்கும். எங்கும் மலிந்து கிடந்த செம்மண்ணை விடுத்து வெண்மண்ணை அவர்கள் தேர்ந்தமை, நிறத்தைக் கொண்டு மண்ணின் உரத்தை மதிப்பிடும் அறிவு இத்தீவின் தொழிலாளரிடம் இருந்ததைக் காட்டுகின்றது.

கொல்லனைப் பற்றியும் நொக்ஸ் எழுதுகின்றான். கொல்லனுக்கெனச் சில ஊர்கள் வரையறுக்கப்பட்டிருந்தன. அறுவடையில் அவனுக்கு நெல் அளக்கப்பட்டது. வேலை கொண்டு வருவோர் தம் இரும்பையும் கரியையும் தாமே கொணர்ந்து, துருத்தியையும் தாமே ஊதி, பெருஞ்சம்மட்டியையும் தாமே ஓங்கவேண்டும். கொல்லனோ இருக்கையை விட்டெழாது சிறு சுத்தியலால் வடிவமைப்பான். அந்நியனுக்கு இது செருக்காகத் தோன்றியது. ஆனால் இரும்பும் கரியும் வலிமையும் ஊராருடையன. உலையும் அறிவும் மட்டுமே கொல்லனுடையன என்னும் ஒரு பொருளாதார ஒழுங்கினையே நாம் இங்குக் காண்கின்றோம்.

இவ்வொழுங்கு தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. ஏழூர்க்கும் பொதுவாக ஓரூரில் அமைந்த உலையில் ஓய்வின்றி இயங்கும் மிதிதோலைக் குறுந்தொகையின் 172ஆம் செய்யுள் உவமையாக்குகின்றது. பல ஊர்களுக்கு ஒரு கொல்லன், காலால் மிதிக்கும் துருத்தி என்னும் இரண்டும் சங்ககாலத் தமிழகத்திலும் பதினேழாம் நூற்றாண்டின் கண்டி நாட்டிலும் ஒருங்கே காணப்படுதல், பாக்குநீரிணையின் இருகரையிலும் ஒரே தொழின்மரபு நிலவியதை உணர்த்துவதாகும்.

மூதூரில் நொக்ஸ் குழுவினர் பிடிபட்ட இடமாகக் கருதப்பட்ட மரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. சிறைப்பட்டவனுக்குக் கல் உண்டு. அவன் வியந்தெழுதிய தொழிலைச் செய்தோர்க்கு ஒரு கல்லும் இல்லை.

மண் தந்த சான்று

உலைமண் வரலாற்றை மாற்றவல்லது என்பதற்குச் சமனலவெவ ஆய்வு தக்க எடுத்துக்காட்டு. மத்திய மலைநாட்டின் தென்சரிவில், நீர்த்தேக்கம் அமைப்பதற்கு முன் கில் ஜூலெஃப் என்னும் தொல்லியலாளர் நடத்திய ஆய்வில், மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளிற் பெருந்தொகையான உருக்குலைகள் வெளிப்பட்டன. கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய அவ்வுலைகளுக்குத் துருத்தி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றே ஊதியது. முன்புறக் களிச்சுவரும் குழல்களும் ஒவ்வோர் உருக்கலின் பின்னும் உடைக்கப்பட்டு மீளக் கட்டப்பட்டன. 1996இல் வெளியான இம்முடிவு, காற்றுலையால் தரமான இரும்பு பெறமுடியாது என்ற கருத்தை அகற்றியது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாளைப் பற்றி எழுதிய அராபிய அறிஞர் அல்கிந்தி சரந்தீபத்து எஃகைக் குறிப்பிட்டமைக்கும் இதனாற் பின்னணி கிடைத்தது. இத்தனையும் தெரியவந்தது பொன்னாலன்று, கல்வெட்டாலன்று. உடைந்த உலைச்சுவராலும் குழற்றுண்டாலும் கிட்டத்தாலுமே.

திருகோணமலை மாவட்டத்திலும் இதற்கு வாய்ப்புண்டு. சேருவிலப் பகுதியில் மகனடைட்டு என்னும் காந்த இரும்புக்கல்லும் செப்புக்கல்லும் சேர்ந்த படிவு 1971இற் கண்டறியப்பட்டது. தெற்கே அண்மையிலுள்ள கதிரவெளியில் பெருங்கற்காலச் சின்னங்கள் உள்ளன. கனியமும் களியும் விறகும் ஆற்றுவழியும் ஒருங்கே அமைந்த கொட்டியாரப் புறம், உலைச்சின்னங்களைத் தேடுதற்கு இத்தீவில் மிகப் பொருத்தமான இடங்களுள் ஒன்றாகும்.

துறைமுகமும் மாறிய உலையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் திருகோணமலை கடற்படைத் தளமாயிற்று. கப்பல் திருத்தும் தொழிற்களமும் அமைந்தது. மரக்கப்பற் காலத்தில் ஆணி, கொளுவி, வளையம், நங்கூரம், சங்கிலி அனைத்தும் கொல்லன் கையையே எதிர்பார்த்தன. நீராவிக் கப்பல்களோடு நிலக்கரி வந்தது. நிலக்கரியின் சாம்பல் உருகி உலைவாயில் கட்டியாய் அடையும். மரக்கரியின் மெல்லிய சாம்பலுக்குப் பழகிய மண்ணுலை இதற்கு ஏற்றதன்று. ஐரோப்பியக் கம்மாலைகளில் தீச்செங்கல்லும், நீராற் குளிரூட்டப்பட்ட இரும்பு ஊதுகுழலும் இடம்பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆக்கப்பட்ட வார்ப்பிரும்பு உலைத்தட்டுகள் பலவற்றில் ஓர் அறிவித்தல் அச்சோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தது: பயன்படுத்துமுன் களிமண் பூசுக என்பதே அது. பூசாதுவிட்டால் நடுவில் மிகச் சூடேறி ஓரத்திற் குளிர்ந்திருக்கும் வார்ப்பிரும்பு சமமின்றி விரிந்து வெடித்துவிடும். தொழிற்சாலை வார்த்த இரும்புலையும் கொல்லனின் மண்ணறிவுக்கு அடங்கியே நின்றது.

1905இல் கடற்படைத் தொழிற்களம் மூடப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் துறைமுகம் மீண்டும் உயிர்பெற்று, 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானத் தாக்குதலுக்கும் ஆளாயிற்று. 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அரசுகளின் தொழிற்களங்கள் திறந்தும் மூடியும் வந்தன. ஊர்க் கொல்லனின் உலை சிரட்டைக்கரியையும் களிமண்ணையும் கொண்டு அவற்றுக்கு வெளியே எரிந்துகொண்டிருந்தது.

இதே மாவட்டத்தின் புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைட்டு, உருத்தைல், சேர்க்கோன் ஆகியவை செறிந்த கனிய மணல் உண்டு. சேர்க்கோன் வார்ப்பாலைகளில் உயர்வெப்பத்தைத் தாங்கும் பொருளாகப் பயன்படுவது. அது பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. உலகின் உலைகளுக்கு மணலளித்த மாவட்டம் தன் சொந்த உலைகளின் வரலாற்றை எழுதாது விட்டமை வருந்தத்தக்கது.

செய்யவேண்டுவன

கரையோரத்தின் உப்புக்காற்றில் இரும்பு நிலைப்பதில்லை, துருவாகி மறையும். நெருப்புக் கண்ட மண்ணோ அழியாது. எனவே இரும்பு செய்யப்பட்ட இடத்தை இரும்பு காட்டாது, மண்ணே காட்டும். ஆனால் அம்மண்ணை இனங்காணாதோர் அதனை வெறும் ஓட்டுத்துண்டென்றோ கருங்கல்லென்றோ கருதி விலக்குவர். வயல் திருத்தும்போதும் வீதி அமைக்கும்போதும் இவ்வாறு அள்ளி எறியப்படுவது ஒரு கூடை மண்ணன்று. ஓர் ஊரின் ஏடு.

இனங்காணும் வழி கடினமானதன்று. ஒருபுறம் கண்ணாடிபோல் உருகி மறுபுறம் செம்மண்ணாகவே இருக்கும் துண்டு உலைப்பூச்சு. நடுவே துளையுடன் நுனி உருகிய உருளை ஊதுகுழல். ஓடிய பாகின் வரிகளையுடைய கிட்டம் உருக்குலையின் அடையாளம். அடி குவிந்து மேல் தட்டையான கிண்ண வடிவக் கிட்டம் கொல்லுலையின் அடையாளம். பழைய கம்மாலைத் தரையில் ஒரு காந்தத்தை ஓட்டினால், சம்மட்டி அடியிற் சிதறிய நுண்செதில்கள் அதில் ஒட்டும். பட்டடை எங்கே நின்றது என்பதையும் அச்செதில்களின் செறிவு காட்டிவிடும்.

இவற்றோடு வாய்மொழிச் சான்றும் தொகுக்கப்படல் வேண்டும். போரும் இடப்பெயர்வும் இம்மாவட்டத்தின் தமிழ், முசிலிம், சிங்களக் கிராமங்கள் பலவற்றைச் சிதறடித்தன. ஊர் பெயர்ந்த கொல்லன் சம்மட்டியையும் குறட்டையும் எடுத்துச் செல்லலாம். மண் எடுத்த குழியை எடுத்துச் செல்ல இயலாது. எக்குளத்துக் களி, எப்புற்றின் மண், எவ்வளவு உமி என்னும் அறிவு இடத்தோடு பிணைந்தது, எழுதப்படாதது, தந்தை கையிலிருந்து மகன் கைக்குச் சென்றது. மின்னூதியும் ஒட்டுவேலைக் கருவியும் வந்த பின், அம்மகன் வேறு தொழிலை நாடுவது இயல்பே. அதனைக் குறைகூறுதற்கு நமக்கு உரிமையில்லை. அவன் தந்தையின் அறிவைக் கேட்டு எழுதாது விட்டால் மட்டும் குறை நம்முடையதாகும்.

பல்கலைக்கழகத்து வரலாறு, புவியியல், இரசாயனம், தமிழ் ஆகிய துறைகளின் மாணவர் ஒன்றுகூடிச் செய்யத்தக்க பணி இது. ஒருவர் சொற்களைத் தொகுக்கலாம். ஒருவர் மண்ணைச் சோதிக்கலாம். ஒருவர் இடங்களைப் படத்திற் குறிக்கலாம். பெருஞ்செலவோ பெருங்கருவியோ வேண்டியதில்லை. முதுமையடைந்த கொல்லர்கள் இருக்கும்போதே இது தொடங்கப்படல் வேண்டும். கோட்டைக் கற்கள் இன்னும் நூறாண்டு காத்திருக்கும், அவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.